சொன்ன பேச்சைக் கேட்கும் துளி!

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில் என் கதை முடிந்திருக்க வேண்டியது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தேன். காரணம், காசு கொடுத்து நானே வாங்கி, நானே தேய்த்துக்கொண்ட ஒரு தைலம்.

'தலைக்கா?' என்று கேட்காதீர்கள். தலைக்கு மேல் இருக்கும் ஹெல்மெட்டுக்கு!

மழையில் பைக் ஓட்டும் அன்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் நூறு துளி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். எதிரே ஒரு லாரி வந்தால் நூறு லாரி வரும். எது நிஜ லாரி, எது லென்ஸ் லாரி என்று கண்டுபிடிப்பதற்குள்... வேண்டாம், சாயங்கால நேரத்தில் எதற்கு அந்தப் பேச்சு.

இதற்கு மருந்து இருக்கிறதா என்று ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டேன். கடைப் பையன் ஒரு குட்டி பாட்டிலை நீட்டினான். "இத தடவுங்க சார். தாமரை இலை மாதிரி தண்ணி நிக்கவே நிக்காது. உள்பக்கம், வெளிப்பக்கம் ரெண்டுலயும் போட்டுக்கங்க. புகையும் புடிக்காது."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பனியன் துணியால் அரை மணி நேரம் தேய்த்தேன். வீட்டம்மா பார்த்துவிட்டு, "என்னிக்காவது ஒரு பாத்திரத்தை இப்படித் தேய்ச்சிருக்கீங்களா?" என்றாள். விஞ்ஞானத்தை மதிக்காத குடும்பம்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. வெளிப்பக்கம் துளிகள் முத்து முத்தாகத்தான் நின்றன. அழகு! ஆனால் நின்றன, போகவில்லை. உள்பக்கம் அதைவிட மோசம். என் மூச்சுக்காற்று பட்டு ஒரே வெள்ளைப் புகை. கண்ணாடியைத் தூக்கினால் மழை கண்ணில் ஊசி மாதிரிக் குத்துகிறது. இறக்கினால் பால் டம்ளருக்குள் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. இந்த லட்சணத்தில், பின் விளக்கு இல்லாமல் ஓரமாக நின்றிருந்த ஒரு லாரி கடைசி விநாடியில்தான் தெரிந்தது. பிரேக்கைப் பிடித்த பிடியில் வண்டி குறுக்கே திரும்பி, லாரியின் கட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. க்ளீனர் எட்டிப் பார்த்து, "பாத்து வா சார்" என்றார். பார்க்க முடிந்தால் பார்க்க மாட்டேனா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. உயிர் பயம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. எரிச்சல்தான் போகவில்லை. தாமரை இலை மாதிரி ஓடும் என்றானே, ஏன் ஓடவில்லை? உள்ளே ஏன் முன்பைவிட அதிகமாகப் புகை? சரி, படித்துப் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். அரை பாட்டில் தைலத்துக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானம் இருக்கிறது ஸார்!

ஆரம்பித்து வைத்தவர் தாமஸ் யங். இங்கிலாந்து டாக்டர். ஒளி ஓர் அலை என்று சோதனை செய்து காட்டியவர். எகிப்திய சித்திர எழுத்துகளைப் படிப்பதிலும் கை வைத்தவர். நோயாளிகளைப் பார்க்க எப்போது நேரம் கிடைத்ததோ தெரியவில்லை. 1805-ல் இவர் சொன்னது இதுதான்: ஒரு பரப்பில் உட்கார்ந்திருக்கும் துளியின் விளிம்பில் ஒரு முக்கோண இழுபறி நடக்கிறது. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் எல்லை ஒரு பக்கம் இழுக்கிறது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் எல்லை வேறு பக்கம் இழுக்கிறது. கண்ணாடியும் தண்ணீரும் சந்திக்கும் எல்லை இன்னொரு பக்கம். மூன்றும் சமாதானமாகும் கோணத்தில் துளியின் விளிம்பு நிற்கும். இதற்குத் தொடுகோணம் என்று பெயர். இன்றைக்கு எல்லாப் புத்தகத்திலும் சமன்பாடாக இருக்கும் இந்த விஷயத்தை யங் வெறும் வார்த்தைகளில்தான் எழுதினார். கணக்குக் குறியீடே போடவில்லை. கணக்கில் வீக்கானவர்கள் சந்தோஷப்படலாம்.

தொடுகோணம் 90 டிகிரிக்குக் கீழே என்றால் தண்ணீரை விரும்பும் பரப்பு. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் அப்பளம் மாதிரிப் படர்ந்துவிடும். 90-க்கு மேலே என்றால் தண்ணீரை வெறுக்கும் பரப்பு. வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் டெஃப்லானில் சுமார் 110. என் தைலமும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான்.

சரி, வெறுக்கிறதே, பிறகு ஏன் துளி ஓடவில்லை?

இதைப் புரிந்துகொள்ள ஹெல்மெட் வேண்டாம். மழைநாளில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும். கண்ணாடியில் ஒட்டிய சின்னத் துளி அசையாது. பக்கத்துத் துளியோடு சேரும். இன்னொன்றோடு சேரும். திடீரென்று யாரோ விசில் ஊதிய மாதிரி கிடுகிடுவென்று கீழே ஓடும். ஏன்? துளியைக் கீழே இழுப்பது அதன் எடை. அதைப் பிடித்து வைப்பது அதன் விளிம்பு. நிஜக் கண்ணாடி எதுவும் முழு வழவழப்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம், அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு. துளியின் விளிம்பு அங்கங்கே கொக்கி மாட்டிக்கொள்கிறது. அதனால் கீழ் விளிம்பில் ஒரு கோணம், மேல் விளிம்பில் வேறு கோணம். துளி தொப்பை போட்டுக்கொண்டு தொங்கும், நகராது. இந்த இரண்டு கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் துளியின் பிடிவாதம். தொடுகோணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வித்தியாசம் பெரிதாக இருந்தால் துளி நகராது. கடைப் பையன் எனக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிமீட்டர் அகலத் துளியின் எடை சுமார் அரை மில்லிகிராம். விளிம்பின் பிடி அதைவிட நாலைந்து மடங்கு இருக்கும். துளி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதே துளி 3 மில்லிமீட்டர் ஆனால் அகலம் 3 மடங்கு, பிடியும் 3 மடங்கு. ஆனால் எடை? 3 x 3 x 3, 27 மடங்கு! பிடி தோற்றது, துளி ஓடியது. கார்க்காரர்கள் ஹைவேயில் வேகமாகப் போகும்போது காற்று பக்கபலமாக வந்து சின்னத் துளிகளையும் தள்ளிவிடும். பல்லாவரம் நெரிசலில் 20-ல் ஊர்கிற என்னை எந்தக் காற்று தள்ளும்?

உள்பக்கத்துப் புகைக்கு வருகிறேன். தவறு என் தலையில்தான். மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படியும்போது, தண்ணீரை வெறுக்கும் பரப்பில் ஆயிரக்கணக்கான பொடித் துளிகளாக நிற்கும். அவை வெளிச்சத்தை இஷ்டத்துக்குச் சிதறடிக்கும். அதுதான் புகை. அதே ஈரம் தண்ணீரை விரும்பும் பரப்பில் ஒரே மெல்லிய படலமாகப் படர்ந்துவிடும். தண்ணீர் அங்கேதான் இருக்கும். ஆனால் பளிச்சென்று தெரியும். நீச்சல்காரர்கள் கண்ணாடிக்குள் ஒரு சொட்டு ஷாம்பு தேய்ப்பது இதற்குத்தான். ஆக, ஒரே ஹெல்மெட் கண்ணாடி. வெளியே வெறுக்க வேண்டும்; உள்ளே விரும்ப வேண்டும். நான் இரண்டு பக்கமும் வெறுப்பைத் தடவி வைத்திருந்தேன்!

தாமரை இலைக்கு இந்தப் பிடிவாதப் பிரச்னையே கிடையாது. 'தாமரை இலைத் தண்ணீர் போல இரு' என்று நமக்குப் புத்தி சொல்லாத பெரியவர் உண்டா? சொன்னவர்கள் யாரும் இலையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் பார்த்தார். 1970-களில் இவர் இலைகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வழவழப்பான இலைகளைத் தூசி துடைத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. சொரசொரப்பான சில இலைகள் மட்டும் துடைக்காமலே சுத்தமாக இருந்தன. அட, தலைகீழாக இருக்கிறதே! 1997-ல் இவரும் நைன்ஹூய்ஸும் சேர்ந்து விளக்கத்தை வெளியிட்டார்கள். தாமரை இலை முழுக்கப் பொடிப் பொடி மொட்டுகள். மொட்டின் மேல் அதைவிடப் பொடியான மெழுகுக் குழல்கள். துளி அந்த நுனிகளின் மேல்தான் உட்கார்கிறது. ஆணிப் பலகையில் சாமியார் மாதிரி. அடியில் பெரும்பகுதி காற்று. கொக்கி மாட்ட இடமே இல்லை. தொடுகோணம் 160 டிகிரி அளவுக்கு. லேசாகச் சாய்த்தால் போதும், உருண்டு போகும். போகிற போக்கில் தூசியையும் கூட்டிக்கொண்டு போகும்.

எந்த ரசாயனத்தைப் பூசினாலும், வழவழப்பான பரப்பில் தொடுகோணம் 120 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக மொட்டு வேண்டும். ஹெல்மெட்டில் மொட்டு வைத்தால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? வைக்கலாம். நாலு தடவை கைக்குட்டையால் துடைத்தால் மொட்டு முறிந்துவிடும். மொட்டு கொஞ்சம் பெரிதானால் கண்ணாடி மங்கும். தாமரை தன் இலையைத் தானே வளர்த்துக்கொள்கிறது, ஹெல்மெட் வளர்க்காது.

இன்னொரு வேடிக்கை. ரோஜா இதழிலும் மொட்டுகள் உண்டு, துளியும் உருண்டையாகத்தான் நிற்கும். ஆனால் இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் துளி விழாது! 2008-ல் சீன விஞ்ஞானிகள் காரணம் சொன்னார்கள். ரோஜாவின் மொட்டுகளுக்கு இடையே பள்ளம் பெரிது. தண்ணீர் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. பார்க்க இரண்டும் முத்துதான். ஒன்று ஓடும், ஒன்று ஒட்டும். என் தைலம் ரோஜா பக்கம்.

துளியை ஓட விடுவது, நிற்க வைப்பது சரி. நாம் சொன்ன திசையில் போக வைக்க முடியுமா? இங்கேதான் எனக்கு நிஜமாகவே வாய் பிளந்தது.

1992-ல் 'சயன்ஸ்' இதழில் மனோஜ் சௌத்ரியும் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே 'தண்ணீரை மேட்டில் ஓட வைப்பது எப்படி' என்பதுதான்! ஒரு சிலிக்கான் தகட்டின் ஒரு முனைக்குப் பக்கத்தில், ஆவியாகக்கூடிய ஒரு ரசாயனத்தின் துளியை வைத்தார்கள். ஊதுவத்திப் புகை மாதிரி, ஆவி பக்கத்தில் அடர்த்தியாகவும் தூரப் போகப் போக மெலிதாகவும் தகட்டில் படிந்தது. அதாவது ஒரு முனையில் தண்ணீர் வெறுப்பு அதிகம். படிப்படியாகக் குறைந்து மறுமுனையில் விருப்பு. விருப்பமான முனையை 15 டிகிரி உயர்த்தி, கீழ் முனையில் தண்ணீர் வைத்தார்கள். 1, 2 மைக்ரோ லிட்டர் துளி. அது தானாக மேட்டில் ஏறியது! விநாடிக்கு 1, 2 மில்லிமீட்டர். துளியின் முன் விளிம்பு ஆசைப்படுகிறது, பின் விளிம்பு அலுத்துக்கொள்கிறது. நடுவில் துளி நகர்கிறது.

மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. 1996-ல் நாடே வேடிக்கை பார்த்த மூலிகை பெட்ரோல் ஞாபகம் வருகிறதா? அப்படி இல்லை இது. சக்தி எங்கிருந்தும் சும்மா வரவில்லை. தகட்டைத் தயாரிக்கும்போதே அதில் ஏற்றி வைத்தது. மறுமுனைக்கு வந்ததும் துளி நின்றுவிடும். ரிடையராகும்வரை ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் ஆன மாதிரி, அதற்கு மேல் படி கிடையாது.

ஓட வைக்க இன்னொரு வழி நம் வீட்டு தோசைக்கல்லிலேயே இருக்கிறது. கல் மிதமாகக் காய்ந்தால் தெளித்த தண்ணீர் 'சொய்ங்' என்று அடங்கும். ரொம்பக் காய்ந்துவிட்டால் துளிகள் பாதரச குண்டு மாதிரி கல் முழுக்க ஓடும். துளி தன் ஆவியின் மேலேயே மிதக்கிறது. 1756-ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் டாக்டர் (மறுபடியும் டாக்டர்!) பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதைப் பார்த்து எழுதி வைத்தார். அவருக்கு முன்பே எத்தனையோ பாட்டிகள் பார்த்திருப்பார்கள், எழுதி வைக்கவில்லை. 2006-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஹைனர் லிங்கே குழுவினர், ரம்பப் பல் மாதிரி வெட்டிய சூடான உலோகத்தில் துளியை விட்டார்கள். கண்டபடி ஓடாமல் எல்லாத் துளியும் ஒரே திசையில் ஓடியது.

ஆனால் துளிக்கு நிஜமான கடிவாளம் போட்டது மின்சாரம்தான். 1875-ல் பிரான்ஸில் காப்ரியல் லிப்மன், மின்சாரம் கொடுத்தால் பாதரசத்தின் விளிம்பு நகர்கிறது என்று காட்டினார். அந்தத் தத்துவத்தில் அவர் செய்த கருவியை வைத்துத்தான் 1887-ல் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். இன்றைய ஈ.சி.ஜி.யின் தாத்தா! தண்ணீரில் இதைச் செய்தால் கொஞ்ச வோல்ட்டிலேயே தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று பிரிந்து காரியம் கெட்டது. 1993-ல் புருனோ பெர்ஜ் நடுவில் மெல்லிய இன்சுலேஷன் படலம் ஒன்றை வைத்தார். தீர்ந்தது பிரச்னை. ஸ்விட்சைப் போட்டால் முத்தாக நின்ற துளி படரும். அணைத்தால் மறுபடி முத்து.

இனி கற்பனை செய்து பாருங்கள். தரையில் செஸ் போர்டு மாதிரிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். துளி ஒரு கட்டத்தில் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்துக்கு ஸ்விட்ச் போட்டால் துளி அங்கே போகும். இரண்டு துளியை ஒரே கட்டத்துக்கு வரவழைத்தால் கலக்கும். இரண்டு பக்கமும் இழுத்தால் இரண்டாகப் பிரியும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். வழுக்கிக்கொண்டு போகத் துளியைச் சுற்றிலும் எண்ணெய். சோதனைச் சாலையின் குழாய், குடுவை, பைப்பெட் எல்லாம் ஒரு சில்லுக்குள்!

யாருக்கு இதனால் லாபம் என்று கேட்டால், பிறந்து ஓரிரு நாளான குழந்தைக்கு. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் எடுத்து உலர்த்தி அனுப்புவார்கள். அதில் சுமார் 3 மில்லிமீட்டர் வட்டம் வெட்டிப் பல பரிசோதனைகள். 'பாம்பே' என்று ஒரு வியாதி. நம் பழைய பம்பாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்டுபிடித்த டாக்டரின் பெயர். ஒரு என்ஸைம் குறைவதால் தசைகளில் சர்க்கரைச் சத்து தேங்கும். பிறவியிலேயே கடுமையாக வந்தால் இதயம் வீங்கி, வைத்தியம் இல்லாவிட்டால் குழந்தை பெரும்பாலும் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. 2006 முதல் அந்த என்ஸைமையே மருந்தாகச் செலுத்த முடிகிறது. ஆனால் இதயம் வீங்குவதற்கு முன்னால் தெரிய வேண்டும். அம்மா அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தக் காகிதத்துக்குத் தெரிய வேண்டும்.

மிசௌரி மாநில அரசின் பரிசோதனைக் கூடம் 2013 ஜனவரியில் துளிச் சில்லை வைத்து இதைத் தேட ஆரம்பித்தது. டியூக்கில் ஆராய்ச்சி செய்த வம்சி பமுலா கூட்டாகத் தொடங்கிய பேபீஸ் நிறுவனத்தின் 'சீக்கர்' கருவிக்கு 2017 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. பாம்பே உட்பட நாலு அபூர்வ நோய்களுக்கான என்ஸைம்களை அது அளக்கிறது. துளிகள் வரிசையாக வந்து, கலந்து, காத்திருந்து, பதில் சொல்லிவிட்டுப் போகின்றன. நம் ஊர் கவுன்ட்டர்களில் மனிதர்களை இப்படி நகர்த்த யாராவது சில்லு செய்தால் தேவலை.

இதையெல்லாம் பொங்கலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது சித்தப்பாவிடம் அளந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "ஏண்டா, ஓட வைக்கிறது பெரிய வித்தையா? ஒட்ட வைக்கிறதுதாண்டா வித்தை. நெல்லுல மருந்து அடிச்சுப் பாரு" என்றார்.

"ஏன் சித்தப்பா, நெல் இலையிலயும் ஒட்டாதா?"

"தாமரை மாதிரியேதான். பட்டுப் பட்டுன்னு தெறிச்சு ஓடிடும். பாதி மருந்து பூமிக்கு, மீதி அடிக்கிறவன் காலுக்கு. அதுக்குத்தான் வேப்பங்கொட்டைக் கரைசல்ல காதி சோப்பு கலக்குறது."

சோப்பு தண்ணீரின் இழுவிசையைக் குறைத்துத் துளியைப் படர வைக்கிறது. யங் படிக்காமலே சித்தப்பா தொடுகோணத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்! அவர் சொன்னதில் இன்னொரு விஷயமும் சரி. நெல் இலையில் துளி நீளவாட்டில் சுலபமாக உருளும், குறுக்கே அவ்வளவு சுலபத்தில் உருளாது. 2002-ல் இதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சித்தப்பாவின் பிரச்னையைக் கையில் எடுத்தவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்த கிருபா வாரணாசி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். இவர் குழு 2016-ல் ஒரு தந்திரம் சொன்னது. மருந்தை இரண்டாகப் பிரி. ஒன்றில் நேர் மின்னேற்றம் உள்ள பாலிமர், மற்றதில் எதிர் மின்னேற்றம். இரண்டையும் ஒரே நேரத்தில் தெளி. இலையில் இரண்டு துளிகள் மோதும் இடத்தில் பொடியாக ஏதோ திரிந்து படிகிறது. அந்தத் திரிசலே கொக்கியாகித் துளியைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, வெறுக்கும் இலையிலும் துளி தன் கொக்கியைத் தானே கொண்டுவருகிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "டேங்க் ரெண்டு தூக்கணுமே, எவன் தூக்குவான்?" என்றார். கேள்வி எம்.ஐ.டி.க்கு.

என் ஹெல்மெட் கதை? உள்பக்கம் தைலத்தை சோப்புப் போட்டுக் கழுவித் தள்ளிவிட்டு, புகை பிடிக்காமல் படர வைக்கும் தனிப் படலம் ஒன்றை ஒட்டிவிட்டேன். வெளிப்பக்கம் தைலம் மட்டும். இடது கை ஆள்காட்டி விரல்தான் வைப்பர். பெரிய மழை என்றால் வண்டியை ஆபீஸிலேயே போட்டுவிட்டுப் பஸ்.

போன வாரமும் அப்படித்தான். கண்ணாடி ஜன்னல் எல்லாம் அடைத்து, உள்ளே ஐம்பது பேர் மூச்சு. ஜன்னல் முழுக்க வெள்ளைப் பனி. பக்கத்தில் ஓர் ஏழு வயதுப் பையன் மடியில் ஸ்கூல் பையோடு உட்கார்ந்திருந்தான். "அங்கிள், எந்தத் துளி மொதல்ல கீழ வரும், பெட்டு?" என்றான். கடலை மிட்டாய் பந்தயம். நான் கணக்குப் போட்டு, இருப்பதிலேயே பெரிய துளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவன் ஒரு பொடித் துளியைக் காட்டினான். பாவம், பையனுக்கு 27 மடங்கு தெரியவில்லை.

ஒரு நிமிஷம் எதுவும் நகரவில்லை. அப்புறம் அவன் விரலை எச்சில் தொட்டு, தன் துளியிலிருந்து கீழ் வரைக்கும் வளைத்து வளைத்து ஒரு கோடு இழுத்தான். துளி அந்தக் கோட்டில், ஒரு வளைவு விடாமல், விறுவிறுவென்று இறங்கிக் கீழ்ச் சட்டத்தைத் தொட்டது.

"இது போங்கு" என்றேன்.

"தொடக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லியே அங்கிள்" என்றான்.

தாம்பரத்தில் இறங்கி மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.